வேலூர் வெயிலில் ஒரு மரப்படகு: 28 அடி பழைய மோட்டார் படகைச் சீரமைத்த நிகழ்வு ஆய்வு

ராணிப்பேட்டைக்கும் வாலாஜாபேட்டைக்கும் நடுவே, தகரக் கூரை போட்ட ஒரு பழைய குடோனில் சீரமைக்கப்பட்ட படகு இது. நீளம் 28 அடி, அகலம் 8 அடி 6 அங்குலம், நீரில் அமிழும் ஆழம் இரண்டரை அடி, எடை சுமார் மூன்றரை டன். 1960களில் கட்டிய, கேபின் வைத்த உல்லாசப் படகு. 22 மில்லிமீட்டர் தேக்குப் பலகைகளை விளிம்போடு விளிம்பு முட்ட வைத்து, பக்கத்துக்கு 13 வரிசையாக அடித்திருந்தார்கள். உள்ளே பெர்கின்ஸ் பி4 டீசல் எஞ்சின், இறுகிப்போய், பத்து வருடத்துக்கு மேல் ஓடாமல் கிடந்தது.

கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இந்த வேலையைச் செய்யக் காரணம் எளிது. துறைமுக யார்டில் வருடக்கணக்கில் இடவாடகை கட்டித் தன் கையால் வேலை செய்வது கட்டுப்படியாகாது. ராணிப்பேட்டை பெல் ஆலையை ஒட்டி வளர்ந்த லேத் பட்டறைகள், ஸ்டெயின்லெஸ் வெல்டர்கள், பம்ப்-நாசில் கடைகள் எல்லாம் இங்கே நடந்து போகும் தூரத்தில். சாலையில் ஓடும் வண்டியின் அகல வரம்பு 2.6 மீட்டர், 8 அடி 6 அங்குலம் என்பது 2.59 மீட்டர். எனவே தனி அனுமதி வாங்காமல் லோ-பெட் லாரியில் தேசிய நெடுஞ்சாலை வழியாக வந்துசேர்ந்தது. இன்னும் ஒரு கை அகலம் கூடுதலான படகாக இருந்திருந்தால் இந்தத் திட்டத்தையே யோசித்திருக்கக் கூடாது.

இரும்பு வேலைக்கு இந்த ஊர் நல்ல இடம். மரவேலைக்கு அப்படியல்ல.

முதல் கோடை

படகு வந்தது மார்ச் மாதம். கூரை இருக்கிறதே, மழை படாதே என்று அப்படியே விட்டார்கள். ஏப்ரல் முடிவதற்குள் பலகை இடுக்குகளில் வெளிச்சம் தெரிந்தது. அக்னி நட்சத்திரத்தில் ஐம்பது பைசா நாணயம் நுழையும் அளவு பிளந்தது.

கணக்கு இதுதான். தேக்கின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால், படுக்கை வெட்டாக (வளர்ச்சி வளையங்களை ஒட்டி) அறுத்த பலகை அகலத்தில் ஏறக்குறைய 0.19 சதவீதம் சுருங்கும். ஆரவெட்டாக (மரத்தின் நடுவிலிருந்து வெளிநோக்கி) அறுத்ததென்றால் 0.1 சதவீதம். 150 மில்லிமீட்டர் அகலமுள்ள படுக்கை வெட்டுப் பலகை 16 சதவீதத்திலிருந்து 9 சதவீதத்துக்கு இறங்கினால் 2 மில்லிமீட்டர் குறைகிறது. பக்கத்துக்கு 13 பலகை என்றால் 26 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலம். வேலூர்ப் பக்கத்து மே மாதக் காற்றில், தகரக் கூரையின் அடியில், 9 சதவீதத்துக்கும் கீழே போவது சாதாரணம்.

பிளந்ததைப் பார்த்ததும் வீட்டுக் கதவு, ஜன்னல் செய்து பழகிய தச்சர் செய்யும் வேலை ஒன்றுதான்: எபாக்ஸியில் மரத்தூள் குழைத்து இடுக்கை அடைப்பது. இங்கேயும் அதுவே நடந்தது. கீழே எட்டு வரிசைகள் வரை கெட்டியாக அடைத்து, தேய்த்து, பிரைமரும் அடித்தாகிவிட்டது. ஜூலையில் நாலு நாள் மழை அடித்து, குடோனின் ஒரு பக்கம் தண்ணீர் நின்றபோது பலகைகள் ஈரம் குடித்து விரிந்தன. விரிய இடமில்லை. நடுவில் இருப்பது நசுங்கக்கூடிய பஞ்சு அல்ல, கல் மாதிரி இறுகிய எபாக்ஸி. அந்த அழுத்தம் முழுக்க வங்குகளின் மேல், அதாவது பலகைகளைத் தாங்கும் விலாச் சட்டங்களின் மேல் இறங்கியது. வலப்பக்கம், அடி வளையும் இடத்தில் ஐந்து வங்குகள் குறுக்கே வெடித்தன. இரண்டு பலகைகளில் செப்பு ஆணியின் தலை மரத்துக்குள் புதைந்து இழுபட்டது.

பழைய மரப்படகை உள்நாட்டுக்குக் கொண்டுவரும் எவரும் முதலில் படிக்க வேண்டிய பாடம் இந்த ஐந்து வங்குகளில் இருக்கிறது. காய்ந்து பிளந்த இடுக்கு பழுதல்ல. தண்ணீரில் இறங்கினால் அது தானாக மூடும். அதைக் கெட்டியான எதனாலும் அடைக்கக் கூடாது. நிரந்தர இடுக்கு எது, சுருக்கத்தால் வந்தது எது என்று பலகை 15, 16 சதவீத ஈரத்துக்குத் திரும்பிய பிறகே சொல்ல முடியும்.

ஈரத்தைப் பிடித்து வைப்பது

அடுத்த கோடைக்குள் ஏற்பாடு மாறியது. தகரத்துக்கு இரண்டு அடி கீழே 75 சதவீத நிழல்வலை. அதன் மேல் தென்னங்கீற்று. படகைச் சுற்றித் தரை வரை தொங்கும் கோணித் திரை. காலையும் மாலையும் அதில் தண்ணீர். உள்ளே அடிப்பகுதியில் நனைத்த கோணிப்பைகள். பலகைக்கு நேராகக் குழாய் பிடிப்பதில்லை, காற்றைத்தான் ஈரமாக்குவது. ஊசி முனை கொண்ட ஈரப்பதமானி ஒன்றை வாங்கி, பக்கத்துக்கு ஆறு இடங்களில் சாக்பீஸால் குறியிட்டு, வாரம் ஒருமுறை அதே இடத்தில் அளந்து எழுதினார்கள். 14க்குக் கீழே போனால் கோணி நனைக்கும் தடவை கூடும். 18ஐத் தாண்டினால் குறையும். மேல்தளத்தையும் கேபினையும் நனைக்கவே கூடாது. நல்ல தண்ணீர் தேங்கும் இடத்தில்தான் மரம் இற்றுப்போகும். கடல் தண்ணீர் அந்த அளவுக்குக் கெடுப்பதில்லை; உப்பு பூஞ்சைக்கு ஆகாது.

ஈரம் வைத்தால் கரையான் வரும். செம்மண் தரையில் மரக்கட்டை அடுக்கி அதன் மேல் படகை நிறுத்தியிருந்ததால், பின்பக்க அடுக்கு வழியாகப் புற்று ஏறி ஏராக்கட்டையை, அதாவது படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டையைத் தொட்டிருந்தது. நல்ல வேளையாக மேற்பரப்பில் அரை அங்குலத்தோடு நின்றது. கட்டைகளை எடுத்துவிட்டு, கான்கிரீட் பாளங்களின் மேல் இரும்பு ஸ்டாண்டுகள் வைத்தார்கள். ஒவ்வொரு ஸ்டாண்டின் காலைச் சுற்றியும் கழிவு எண்ணெய் ஊற்றிய தட்டு. வெளிப்பட்ட மரத்துக்குப் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை இரண்டு முறை தூரிகையால் குடிக்கவிட்டார்கள். இந்தக் கரைசல் தண்ணீரில் கழுவிப்போகும். எனவே பிறகு வண்ணம் பூசி மூடப்போகும் இடங்களுக்கு மட்டுமே பயன்.

எது நல்ல மரம், எது கெட்டது

சோதனைக்கு வேண்டியது ஒரு சின்னச் சுத்தியல், ஒரு கூர்ஊசி. தட்டினால் நல்ல மரம் கணீரென்று திருப்பித் தள்ளும். இற்ற மரம் மந்தமாகச் சத்தம் போடும். சந்தேகம் வந்த இடத்தில் ஊசியை நாரின் குறுக்கே குத்தி நெம்ப வேண்டும். நீளச் சிம்பாகத் தெறித்தால் நல்லது, சின்னத் துண்டுகளாக உடைந்து வந்தால் கெட்டது. வண்ணத்துக்கு மேல் குத்தி முடிவு செய்வதில் பயனில்லை.

பலகையைவிட ஆணிதான் அதிகம் ஏமாற்றும். மூலக் கட்டுமானம் செப்பு ஆணியும் வளையமும். நடுவில் எப்போதோ பழுது பார்த்தவர்கள் கால்வனைஸ் இரும்பு ஆணி அடித்திருந்தார்கள். நீர்மட்டத்துக்குக் கீழே கலந்து கலந்து இருபது ஆணிகளைக் கழற்றிப் பார்த்ததில், ஆறு இரும்பு ஆணிகள் நடுவில் ஈர்க்குச்சி அளவுக்கு மெலிந்திருந்தன. அவற்றைச் சுற்றி ஓர் அங்குல வட்டத்துக்கு மரம் கறுத்து, நகத்தால் சுரண்டினால் தூளானது. துரு மரத்தையும் தின்னும். அந்த ஓட்டையில் புது ஆணி அடித்தால் பிடிக்காது. கெட்ட பகுதியைத் துளையிட்டு எடுத்து, நார் பலகையின் திசையிலேயே ஓடும்படி தேக்குத் தக்கை ஒட்டி, அதற்குப் பக்கத்தில் புதிய ஆணி வர வேண்டும்.

கடைத்தெரு ஹார்டுவேரில் மலிவாகக் கிடைப்பது பித்தளை ஸ்க்ரூ. தண்ணீருக்கு அடியில் அதைத் தொடவே வேண்டாம். துத்தநாகம் கரைந்துபோய் இளஞ்சிவப்பாக, உப்புக்கல் போல உதிரும். 304 ஸ்டெயின்லெஸ்ஸும் ஈர மரத்துக்குள் காற்றில்லாமல் குழியரிப்பு எடுக்கும். செப்பு ஆணி அல்லது சிலிக்கான் வெண்கல ஸ்க்ரூ, இரண்டே வழி. அடி வால்வுகளுக்கும் இதே விதி: பிளம்பிங் கடைப் பித்தளை பால் வால்வு அல்ல, கன்மெட்டல் என்னும் வெண்கல வகை.

வங்கும் பலகையும்

வெடித்த ஐந்தோடு, பழைய விரிசல் விட்ட நாலும் சேர்த்து ஒன்பது வங்குகள் புதிதாகத் தேவைப்பட்டன. ஆவியில் வேகவைத்து வளைப்பது பழைய முறை. தடிமன் அங்குலத்துக்கு ஒரு மணி நேரம் என்பது கணக்கு. அதற்குப் பச்சை ஈரம் உள்ள மரம் வேண்டும். மரவாடியில் கிடைத்த தேக்கு முழுக்கக் காய்ந்தது, வளைத்தால் வெடிக்கும். எனவே அடுக்கு ஒட்டு முறை: 5.5 மில்லிமீட்டர் தடிமனில் இழைத்த எட்டுப் பட்டைகளை, படகின் உள்வளைவிலிருந்து எடுத்த அச்சில் எபாக்ஸியால் ஒட்டி, 44 மில்லிமீட்டர் வங்கு. கிளாம்ப் 10 முதல் 15 செண்டிமீட்டருக்கு ஒன்று. பசை முழுக்கப் பிதுங்கி வரும் அளவு முறுக்கினால் இணைப்பு வறண்டுபோகும். விளிம்பில் மணி மணியாக வந்தால் போதும். முழங்கால் வடிவத் தாங்கிகளுக்கு மட்டும் கருவேலம். ஏரிக்கரை மரமாக இயற்கையாகவே வளைந்து வளர்ந்த கிளைகள் மரவாடியில் விறகு விலைக்குக் கிடக்கும். இந்த வேலைக்கு அதைவிட நல்ல மரம் தேட வேண்டியதில்லை.

தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைத்து, ஆவியானதும் உடனே ஒட்ட வேண்டும். முந்தின நாள் துடைத்து வைத்தால் எண்ணெய் மறுபடி மேலே வந்திருக்கும்.

எபாக்ஸி விஷயத்தில் நம் வெயில் தனிப் பாடம். வெப்பம் 10 டிகிரி ஏறினால் கலவையின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். 25 டிகிரியில் அரை மணி நேரம் தாங்கும் கலவை 38 டிகிரியில் பன்னிரண்டு நிமிடத்தில் புகைய ஆரம்பிக்கும். மெதுவாக இறுகும் ஹார்டனர், ஒரு தடவைக்கு 150 கிராமுக்கு மேல் கலக்காதது, ஆழக் கிண்ணத்தில் வைக்காமல் தட்டையான தட்டில் பரப்பி வைப்பது: இந்த மூன்றும் இருந்தால் சமாளிக்கலாம். ஒட்டு வேலை விடியற்காலை ஐந்து முதல் எட்டுக்குள். வெறும் மரத்தின் மேல் முதல் பூச்சு மட்டும் சாயங்காலம். காலையில் பூசினால், ஏறும் வெப்பத்தில் மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியேறி, பூச்சு முழுக்கக் குமிழி. சாயங்காலம் மரம் குளிரும்போது பூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளும். இந்த வேறுபாடு தெரியாமல் இடப்பக்கக் கேபின் சுவரை முழுக்கச் சுரண்டி மறுபடி பூச வேண்டி வந்தது.

பலகை மாற்றியது பதினொரு இடங்களில். துண்டுகளை நீள்சாய்வாக ஒட்டும்போது சாய்வு தடிமனைப் போல எட்டு மடங்கு. 22 மில்லிமீட்டருக்கு ஏழு அங்குலம். அடுத்தடுத்த வரிசைகளில் இணைப்புகள் நேருக்கு நேர் வராமல் குறைந்தது நாலடி தள்ளி. வங்குக்கு மூன்று அங்குலச் சதுரச் செப்பு ஆணி: துளை ஆணியைவிடச் சற்றுச் சிறிது, வெளியே ஒருவர் கனமான இரும்பைத் தலையில் அழுத்திப் பிடிக்க, உள்ளே மற்றவர் வளையத்தை இறக்கி, மீதியை வெட்டி, உருண்டைத் தலைச் சுத்தியலால் மெதுவாகக் குடையாக்க வேண்டும். ஓங்கி அடித்தால் ஆணி மரத்துக்குள்ளேயே வளைந்து நிற்கும். வெளியில் ஒன்றும் தெரியாது.

கலப்பத்து, அதாவது பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரி அடிப்பது, ஈரப்பதம் 16 சதவீதத்தில் நின்றபோது நடந்தது. இடுக்கு உட்பக்கம் முட்டியிருக்க வேண்டும். வெளிவாயில் மட்டும் பலகையின் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்கு ஆப்பு வடிவம். பழைய எபாக்ஸியை உளியாலும் ரம்பப் பல்லாலும் எடுத்ததே பெரிய வேலை. மொத்தம் 700 அடிக்கு மேல் இடுக்கு; மூன்று கிலோவுக்குச் சற்று மேல் பஞ்சுத் திரி போனது. அடிப்பது காசிமேட்டுப் பக்கமிருந்து வந்த பழைய கைகள். இடுக்கு அகலும் இடத்தில் திரியைச் சுருள் சுருளாக மடித்து வைப்பதும், ஒடுங்கும் இடத்தில் நீட்டி வைப்பதும் கண்ணால் பார்த்தாலும் எளிதில் வருவதில்லை. இந்த ஒன்றை மட்டும் கூலிக்கு விட்டது சரியான முடிவு. பஞ்சின் மேல் ரெட் லெட் பிரைமர், அதன் மேல் எண்ணெய்ப் புட்டி, பலகை மட்டத்துக்குச் சற்று உள்வாங்கி. வீங்கும்போது புட்டி வெளியே தள்ளும் என்பதால் அந்தப் பள்ளம் வேண்டும்.

வெளிநிறம் வெள்ளை. கருநீலம் அழகுதான், ஆனால் இந்த வெயிலில் கருநிறப் பலகை கொதித்து, வருடா வருடம் இடுக்குத் திறக்கும்.

எஞ்சின்: லாரி பட்டறையின் பலமும் பழக்கமும்

பி4 என்பது மூன்றரை அங்குல போர், ஐந்து அங்குல ஸ்ட்ரோக், நாலு சிலிண்டர், 3.15 லிட்டர். அதே குடும்பத்து பி6 பழைய லாரிகளில் ஓடியது. சென்னை சிம்ப்சன் நிறுவனம் பெர்கின்ஸ் எஞ்சின்களை 1950களிலேயே செய்தது. அதனால் அறுபது வயது தாண்டிய மெக்கானிக் ஒருவர் இந்தப் பக்கம் எந்த ஊரிலும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார்.

இறுகிய எஞ்சினை ஸ்டார்ட்டரால் சுற்றக் கூடாது. நாசில்களைக் கழற்றி, டீசலும் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் சம அளவு கலந்து சிலிண்டருக்கு 100 மில்லி ஊற்றி, வாரக்கணக்கில் ஊறவிட்டு, முன்புறப் புல்லி நட்டில் நீளக் கைப்பிடி போட்டு இரு பக்கமும் மாறி மாறி அசைக்க வேண்டும். இங்கே இரண்டாவது சிலிண்டர் அசையவில்லை. ஹெட்டை எடுத்துப் பார்த்தால் எக்ஸாஸ்ட் வழியாக வந்த உப்புத் தண்ணீர் லைனரில் குழி போட்டிருந்தது. நாலு லைனரும் புதிது, ரிங் புதிது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் நீர்ச்சட்டையை இரண்டு பார் அழுத்தத்தில் சோதித்தபோது கசிந்தது. சிலிண்டருக்குத் தண்ணீர் வந்த வழி அதுதான். லைனரை மட்டும் மாற்றி இதை விட்டிருந்தால் ஒரே சீசனில் பழைய நிலை.

எஞ்சினைக் குளிர்விக்கும் நன்னீர் சுற்றுக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றக் கூடாது; இந்த ஊர்க் கடினநீர் ஹீட் எக்ஸ்சேஞ்சர் குழாய்களில் சுண்ணாம்பாகப் படியும். தெருவுக்குத் தெரு கிடைக்கும் ஆர்.ஓ. தண்ணீரில் கூலன்ட் கலந்தால் போதும். பழைய படிவுக்கு 5 சதவீத சிட்ரிக் அமிலம், ஓர் இரவு. தரையில் ஓட்டிப் பார்க்க 1000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி வைத்து, வெளியேறும் தண்ணீரைத் திரும்ப அதிலேயே விட்டார்கள். 200 லிட்டர் பீப்பாய் சில நிமிடங்களில் காலியாகும். கடல்நீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் வறண்டு ஓடினால் ஒரு நிமிடம்கூடத் தாங்காது.

லாரிக் கைகளைக் கவனிக்க வேண்டிய இடங்கள் மூன்று. புரொப்பெல்லரைச் சுற்றும் ஷாஃப்டைத் தாங்கும் ரப்பர் பேரிங்குக்கு உயவே தண்ணீர்தான். பழக்கத்தில் கிரீஸ் பூசினால் ரப்பர் ஊதிப் பிடித்துக்கொள்ளும். மின்சாரத்தில் ஒற்றை ஒயர் போட்டுப் பாடியில் எர்த் கொடுப்பது லாரிக்குச் சரி. படகில் ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டு ஒயர், வெள்ளீயம் பூசிய செப்புக் கம்பி. மூன்றாவது, 32 மில்லிமீட்டர் ஷாஃப்டை இஎன்8 என்னும் சாதாரண எஃகு ராடில் கடைந்துதரட்டுமா என்று லேத்தில் கேட்பார்கள். அது துரு பிடித்து, ஷாஃப்டைச் சுற்றித் தண்ணீர் உள்ளே வராமல் அடைக்கும் கிளாண்டை அறுக்கும். 316 ஸ்டெயின்லெஸ் ராடுதான்.

தோல் ஊரில் இருந்துகொண்டு ஸ்டியரிங் சக்கரத்துக்கு ரெக்சின் சுற்றுவானேன்? நனைந்து காயும் இடத்துக்குக் குரோம் பதனிட்ட தோல் நல்லது. பட்டையில் பதனிட்டது எண்ணெய் காட்டாவிட்டால் விறைத்துவிடும்.

தண்ணீர் காட்டுதல்

பாலாற்றில் மணலைத்தான் பார்க்கலாம். காவேரிப்பாக்கம் ஏரி நிறைந்தாலும் அது பாசன ஏரி. டீசல் படகை இறக்கிச் சோதிக்கும் இடமல்ல. ஆனால் கலப்பத்து அடித்த படகை நேராகக் கடலில் விட்டால் முதல் மணி நேரத்திலேயே முழங்கால் அளவு தண்ணீர் ஏறும். அதனால் பக்கத்து நிலத்தில் பண்ணைக்குட்டை முறையில் ஒரு குழி: 36 அடிக்கு 14 அடி, ஆழம் நாலடி. அடியில் மணல், பழைய கோணி, மேலே 500 மைக்ரான் ஷீட். மூன்றரை அடி நிரம்ப சுமார் 50,000 லிட்டர். படகு தள்ளும் மூன்றரை டன்னைக் கழித்தால் 12,000 லிட்டர் லாரி நாலு.

12 டன் ஹைட்ரா கிரேன், ஆறு அங்குல அகலப் பெல்ட் இரண்டு. பெல்ட் பக்கவாட்டில் நசுக்காதபடி மேலே குறுக்கு இரும்பு. படகை வெறும் குழியில் கட்டைகள் மேல் இறக்கிவிட்டு, பிறகே தண்ணீர், நாளுக்கு அரை அடி. கீழ்ப் பலகைகள் முதலில் வீங்கி மூட, மேல் வரிசைகளுக்கு நேரம் கிடைக்கிறது. மிதக்கும் முன் உள்ளே தண்ணீர் ஏறினாலும் படகு மூழ்காது. பம்புகளுக்கு மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் யாரும் குழிக்குள் கால் வைக்கக் கூடாது. 230 வோல்ட்டும் தண்ணீரும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

முதல் மூன்று நாள் இரண்டு அரை ஹெச்பி பம்பும் ஓயவில்லை. மிதந்த பிறகு ஐந்தாம் நாள் ஒரு பம்ப் மணிக்குப் பத்து நிமிடம்; பத்தாம் நாள் காலையும் மாலையும் ஒரு வாளி. மூடாமல் நின்றது ஒரே இடம், ஷாஃப்ட் குழாய் ஏராக்கட்டையைத் துளைத்து வெளிவரும் இடம். வெண்கலம் வீங்காது, அதைச் சுற்றிய மரம் சுருங்கி விரிந்ததில் பழைய ஒட்டு விட்டுப்போயிருந்தது. படகைத் தூக்கி, குழாயை உருவி, பாலிசல்ஃபைட் சீலன்ட்டில் மறுபடி உட்கார வைத்தார்கள்.

குட்டையிலிருந்து எடுத்த படகை மறுபடி காயவிடக் கூடாது. கிளம்பும் நாளில்தான் அடியில் ஆன்டிஃபவுலிங், அதாவது பாசியும் சிப்பியும் ஒட்டாமல் தடுக்கும் பூச்சு. பக்கங்களில் நனைத்த கோணி கட்டி, இரவில் லாரி ஏற்றி, மறுநாள் காலை கழிமுகத்தில் இறக்கம்.

எஞ்சினையும் ஷாஃப்டையும் நேர்ப்படுத்துவதைத் தரையில் முடித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஸ்டாண்டில் நிற்கும் உடலும் தண்ணீரில் மிதக்கும் உடலும் ஒரே வடிவம் அல்ல. இறக்கி இரண்டு நாள் கழித்து, டீசல் தொட்டி பாதி நிரம்பிய நிலையில், கப்ளிங்கைத் தளர்த்தி நாலு பக்கமும் இடைவெளி அளக்க ஃபீலர் கேஜ் விட வேண்டும். விட்டத்தில் அங்குலத்துக்கு ஒரு தவு (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை வித்தியாசம் போகலாம். ஐந்து அங்குலக் கப்ளிங்கில் ஐந்து தவு. இங்கே தரையில் மூன்று தவு காட்டியது தண்ணீரில் பதினொன்று காட்டியது. பின்பக்க மவுன்ட்டுகளுக்குத் தகடு வைத்து நாலுக்கு இறக்கினார்கள். கிளாண்டில் மூன்று வளையம் பேக்கிங், வெட்டு வாய்கள் ஒன்றுக்கொன்று 120 டிகிரி விலகி. ஓடும்போது நிமிடத்துக்கு இரண்டு, மூன்று சொட்டு. சொட்டே இல்லையென்றால் நட்டு அதிகம் இறுகிவிட்டது, ஷாஃப்ட் சுடும். பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு ஹெட் போல்ட், மவுன்ட் போல்ட், கிளாண்ட் நட்டு மூன்றையும் மறுபடி பார்க்க வேண்டும். புது பேக்கிங் அதற்குள் அமுங்கியிருக்கும்.